பெரியப்பா வீட்டு லைன்

இப்போது நான் வேலை செய்யும் ஆபீஸில் நெட் போவதே இல்லை. பெங்களூரில் ஆறாவது மாடி, நாள் முழுக்க ஏசி, மேசைக்கு மேசை கேபிள். இப்படி ஓர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, நெட் போவதும் வருவதுமாக இருந்த ஒரு பழைய அறையை நினைத்து ஏங்குகிறாயே, உனக்கென்ன கிறுக்கா என்று என்னையே நான் கேட்டுக்கொள்வதுண்டு. கிறுக்குதான். அந்த அறை கேரள எல்லையோர நல்லேப்பிள்ளியில், எங்கள் வீட்டின் பின்கட்டில் இருக்கிறது. பாதி எங்களுடையது, பாதி பெரியப்பாவுடையது.

பதினாறு வயதில் என்னைக் கோயம்புத்தூரில் ஒரு ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டார்கள். ப்ளஸ் டூ அங்கே, இஞ்சினியரிங் இன்னொரு ஹாஸ்டலில், வேலை கிடைத்ததும் பெங்களூரில் பிஜி. வீடு என்பது அழுக்குத் துணி மூட்டையோடு வந்து முறுக்கு டப்பாவோடு திரும்பிப் போகிற இடமாக இருந்தது. எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை செய்யுங்கள் என்று கம்பெனி சொன்ன காலத்தில்தான், முப்பது தாண்டிய பிறகு, அப்பா அம்மாவோடு நான் சேர்ந்தாற்போலக் குடியிருந்தேன்.

எத்தனையோ விஷயம் எனக்குத் தெரியாமல் நடந்திருக்கிறது. அப்பா காலையில் பேப்பரை வாய்விட்டுப் படிப்பார், அம்மா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டே வேலை பார்ப்பாள். செய்தி மட்டுமில்லை, மணமகள் தேவை விளம்பரம், டெண்டர் அறிவிப்பு, நினைவஞ்சலி எல்லாம் உண்டு. "அந்தப் பையன் சம்பளம் நம்பறாப்பல இல்லீங்க" என்று அம்மா உள்ளேயிருந்து தீர்ப்புச் சொல்வாள். இது எத்தனை வருஷமாக நடக்கிறது என்று ஒருநாள் கேட்டேன். "நீ ஹாஸ்டலுக்குப் போனதுல இருந்து கண்ணு. ஊடு சத்தமே இல்லாம இருந்துச்சு, அதான்" என்றாள்.

ஊர் பழையபடி திறந்ததும் கம்பெனி எல்லோரையும் திரும்பக் கூப்பிட்டது. நான் கெஞ்சிக் கூத்தாடி வீட்டிலேயே இருக்க அனுமதி வாங்கினேன். மேனேஜர் ஒரே நிபந்தனை வைத்தார். மீட்டிங் நடுவில் லைன் அறுந்து போகக் கூடாது, அறுந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அவர் கெட்ட மனுஷர் இல்லை, அவருக்கு மேலேயும் ஆள் இருந்தார்கள். எனக்கோ அந்தக் காலத்தில் வேறு ஆசையே கிடையாது. கல்யாணமா, பதவி உயர்வா, எது கேட்டாலும் சிரித்து மழுப்புவேன். வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் அது ஒரே வீடு. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பாகம் பிரித்தபோது நடுவில் சுவர் எழும்பியது. பாகம் பிரித்ததில் சண்டை இல்லை. சண்டை பின்னால் வந்தது. ஒரு கோடையில் கனால் வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விட்டபோது மடையை யார் முதலில் திறந்தது என்று ஆரம்பித்து, வார்த்தை தடித்து, அன்றோடு அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அந்தத் தண்ணீர் எப்போதோ வற்றிப்போயிற்று. ஆனாலும் ஒரே ஸ்டாப்பில் சித்தூர் பஸ்ஸுக்கு நின்றால் ஒருவர் கிழக்கே பார்ப்பார், ஒருவர் மேற்கே பார்ப்பார். பஸ் வருகிற திசையை இருவரில் ஒருவர்தான் பார்க்க முடியும். இன்னொருவர் சத்தத்தை வைத்து ஏறிக்கொள்வார்.

பிரிக்காமல் விட்டது பின்கட்டு அறை ஒன்றைத்தான். அதில் குலதெய்வத்தின் பெட்டி இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை பூசைக்கு இறக்குவோம். சாமியை எப்படிப் பங்கு போடுவது? பங்காளிகள் உட்கார்ந்து ஓர் ஏற்பாடு செய்தார்கள். அறை பொது, பக்கத்துக்கு ஒரு கதவு. கூட்டிப் பெருக்கி வெள்ளிக்கிழமை எண்ணெய் விளக்கு வைப்பது இளையவர் வீடு. அந்திக்கு லைட் போடுவது மூத்தவர் வீடு. அதற்காகவே அந்த அறையின் லைனை மட்டும் பெரியப்பா மீட்டரில் விட்டுவிட்டார்கள். ஸ்விட்சும் அவர் பக்கத்துக் கதவுக்கு வெளியே இருந்தது. இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. இருவரும் சம்மதிக்காமல் அந்தச் சுவரில் யாரும் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. இதைப் பெட்டியின் முன்னால் இருவரும் வாக்காகச் சொல்லியிருக்கிறார்கள். சண்டைக்குப் பிறகும் பூசைக்கு இருவரும் வருவார்கள். சாமியோடு பேசுவார்கள், தங்களுக்குள் பேச மாட்டார்கள்.

எனக்கு அந்த அறைதான் வாய்த்தது. முன்னறையில் டிவி, தேங்காய் வியாபாரி, டிராக்டர் கேட்டு வருகிறவர்கள், வந்த கையோடு "பாப்பாளுக்கு எப்பங்க கல்யாணம்" என்று என்னை வைத்துக்கொண்டே அம்மாவிடம் விசாரிக்கிறவர்கள். மச்சில் ஓட்டுச் சூடு மண்டையைப் பிளக்கும். பின்கட்டில் சுவர் முழங்கை அகலம், குளுகுளுவென்று இருக்கும், ஓர் ஈ பறந்தால் கேட்கும். சாமி முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கலாமா என்று அம்மாவைக் கேட்டேன். "சாமிக்கும் பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டாமா? செருப்பப் போட்டுட்டுப் போகாத, அவ்வளவுதான்" என்றாள்.

ஆனால் அந்த முழங்கை அகலச் சுவர் வைஃபையை உள்ளே விடவில்லை. செல்போனிலும் பேசத்தான் முடிந்தது, நெட் வரவில்லை. நெட் பெட்டி முன்னறையில் இருந்தது. கேபிள் இழுக்க வந்தவர் டிரில்லிங் மெஷினை எடுத்து, "ஒரு ஹோல் போட்டா மதி சேச்சி" என்று மலையாளம் கலந்து சொன்னார், ஓர் ஓட்டையே போதுமாம். அப்பா வாசற்படியில் வந்து நின்றார். "ஆணியே அடிக்கப்படாதுன்னு வாக்குக் குடுத்த சுவரு. நீங்க ஓட்டை போடறீங்களா?" அவர் மெஷினைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். கேபிளைத் தரையோரமாக விட்டுப் பார்த்தேன். நெல் வைத்திருக்கிற வீடு, எலிக்குப் பஞ்சமா? எங்கள் வீட்டு எலிகள் நெல்லைவிட கேபிளை ருசித்துத் தின்றன. இரண்டு முறை மாற்றினேன், இரண்டு முறையும் கடித்துத் துப்பிவிட்டுப் போயின.

அப்போதுதான் ஆபீஸ் தோழி ஒருத்தி பவர்லைன் அடாப்டரைப் பற்றிச் சொன்னாள். சோப்பு டப்பா அளவில் இரண்டு பெட்டி. ஒன்றை நெட் பெட்டிக்குப் பக்கத்து ப்ளக்கில் செருக வேண்டும், மற்றதை வேலை செய்யும் அறையின் ப்ளக்கில். நடுவில் சுவருக்குள் இருக்கிற கரண்ட் வயரே கேபிளாகிவிடும். கரண்ட் போகிற வழியிலேயே நெட்டும் தொற்றிக்கொண்டு போகும். ஆணி வேண்டாம், ஓட்டை வேண்டாம், எலிக்கும் வேலை இல்லை. அப்பாவுக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. "ரெண்டும் ஒரே கம்பில போனா, உன்ற கம்ப்யூட்டரத் தொட்டா ஷாக் அடிக்காதா?" என்று கேட்டார். அடிக்காது என்று நான் தொட்டுக் காட்டிய பிறகும், தான் தொடும்போது புறங்கையால்தான் தொட்டார்.

இரண்டு ப்ளக்கும் ஒரே மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும் என்று கூடவே வந்த தாளில் போட்டிருந்தது. நம் வீட்டில் அது நடக்காதே என்று நினைத்துக்கொண்டேதான் செருகினேன். கொஞ்ச நேரம் சிவப்பாக முழித்துவிட்டுப் பச்சையானது. முன்னறையில் இருந்த ஸ்பீடு பின்கட்டுக்கு வரும்போது கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகியிருந்தது. ஆனாலும் வந்தது. யோசித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. இரண்டு மீட்டரும் ஒரே கம்பத்திலிருந்து இறங்குகிற லைனில்தான் தொங்குகின்றன. நெட் எங்கள் முன்னறையில் கிளம்பி, எங்கள் மீட்டரைத் தாண்டி, பெரியப்பா மீட்டருக்குள் புகுந்து, அவர் வீட்டுச் சுவரையெல்லாம் சுற்றிக்கொண்டு என் அறைக்கு வந்தது. அப்பா எட்டிக்கூடப் பார்க்காத வீட்டுக்குள் என் மீட்டிங் தினமும் போய் வந்துகொண்டிருந்தது.

முதல் நாள் அந்தியில் நான் போனில் பேசிக்கொண்டிருந்தபோது கதவுக்கு அந்தப் பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம். தலைக்கு மேல் பல்பு எரிந்தது. ஒரு செருமல். பிறகு செருப்புச் சத்தம் மெல்ல நடந்து போயிற்று. ஏற்பாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேனே தவிர, பெரியப்பா இன்னமும் அதைச் செய்கிறார் என்று எனக்குத் தெரியாது. தம்பி முகத்தில் முழிக்க மாட்டார், தம்பியோடு பொதுவாக இருக்கும் அறைக்குத் தினம் தவறாமல் லைட் போடுவார். இவர்கள் இரண்டு பேரையும் பிடித்து உலுக்க வேண்டும் போல எனக்குக் கோபம் வந்தது.

முதல் வாரம் நன்றாகப் போயிற்று. பிறகு, காலை மீட்டிங் சூடு பிடிக்கிற நேரமாகப் பார்த்து லைன் தடுமாற ஆரம்பித்தது. குரல் துண்டு துண்டாகப் போகும், அப்புறம் மொத்தமாக நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்துத் தானாக வரும். மேனேஜர் முதல் முறை சிரித்தார், இரண்டாம் முறை சிரிக்கவில்லை. நான் பிழை பிடிக்கிறதையே தொழிலாகச் செய்கிறவள். மிக்ஸியை நிறுத்திப் பார்த்தேன், ஃபேனை நிறுத்திப் பார்த்தேன், அப்பாவின் மோட்டாரை நிறுத்தச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒன்றும் பிடிபடவில்லை. ஒருநாள் லைன் போன கோபத்தில் எழுந்து, அந்தப் பக்கத்துக் கதவில் தலையைச் சாய்த்து நின்றேன். உள்ளே கடகடவென்று கிரைண்டர் சுற்றிக்கொண்டிருந்தது. சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தால் நெட் வந்துவிட்டது.

அம்மாவிடம் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். "உன்ற பெரீம்மா மாவாட்டுனா உன்ற கம்பெனி நிக்குதா? அவிங்ககிட்டச் சொல்லு, தலைல தூக்கி வெச்சு ஆடுவாங்க."

பெண்கள் இருவரும் பேசாமல் இருந்ததில்லை. ஆண்கள் வயலுக்குப் போன பிறகு கொல்லைப்புறத்தில் அவர்கள் உலகம் தனி. அந்த வழியாகத்தான் போனேன். பெரியம்மா உளுந்து கழுவிக்கொண்டிருந்தாள்.

"பெரீம்மா, ஒரு உதவி வேணுங்க. மாவு மட்டும் கொஞ்சம் வெள்ளென ஆட்டீர்றீங்களா? என்ற வேலை ஆரம்பிக்கறதுக்கு முந்தி."

"ஏங்கண்ணு, சத்தமாக் கேக்குதா?"

"சத்தமில்லீங்க. கிரைண்டர் ஓடுனா என்ற நெட்டு நின்னு போகுதுங்க. உங்க லைன்லதான் வருது."

பெரியம்மா கழுவுவதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ற ஊட்டு லைன்ல நீ பெங்களூருக்குப் பேசறயா? அடி ஆத்தீ." பிறகு குரலைத் தாழ்த்தி, "அதான் உன்ற பெரியப்பா அந்தக் கதவுகிட்டயே நிக்கறாராக்கு. கேட்டா, புள்ள இங்கிலீசுல ஆரையோ வையுதுங்கறாரு."

"வையலீங்க பெரீம்மா. அதுதான் என்ற வேலை."

"நல்ல வேலை போ. நாளைல இருந்து காப்பிக்கு முந்தி ஆட்டீர்றேன். போய்ப் பொழப்பப் பாரு."

அவள் சொன்னபடியே செய்தாள். லைன் நின்று நிதானமாக வந்தது. ஆனால் நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, சந்தோஷத்தில் நானே சாப்பாட்டு நேரத்தில் அப்பாவிடம் உளறிவிட்டேன். அப்பா கை சோற்றிலேயே நின்றது. பல்பு அண்ணன் போடுவது வேறு, அது சாமிக்கு. மகள் பிழைப்பு அண்ணன் லைனில் ஓடுகிறது என்பது வேறு.

"அவன் தயவுல நீ வேலை பாக்க வேண்டாம். நாளைக்கே கழட்டீரு."

"கழட்டுனா நான் பெங்களூர் போகோணுங்கப்பா."

"போறதுன்னா போ."

சொல்லிவிட்டார். அம்மா ரசம் ஊற்ற வந்தவள் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"ஏனுங்க, புள்ள பதினாறு வயசுல போனது. இப்பத்தான் ஊட்டுக்கு வந்திருக்குது. உங்களுக்கும் உங்க அண்ணனுக்கும் மடைத் தண்ணிதானுங்க வழக்கு. கரண்டுலயுமா?"

அப்பா கை கழுவிக்கொண்டு எழுந்து போனார். மறுநாள் நான் அடாப்டரைக் கழற்றவில்லை, அவரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் சம்மதம் என்றால் அவ்வளவுதான். அதோடு இன்னொன்றும் செய்தார். இடி கேட்டால் உடனே மெயினை ஆஃப் பண்ணுவது அப்பாவின் பழக்கம். மேகம் கறுத்தாலே கை ஸ்விட்சுக்குப் போகும். அதன் பிறகு, எனக்கு மீட்டிங் இருந்தால் ஆஃப் பண்ணாமல், மெயின் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு வானத்தைப் பார்த்தபடி காவல் இருப்பார். "முடிஞ்சுதா?" என்று நடுநடுவே குரல் மட்டும் வரும்.

அந்த இரண்டு வருஷங்களைப் போல ஒரு காலம் எனக்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் வரவில்லை. லைன் லேசாகத் தயங்கினால் பெரியம்மா துணி தேய்க்கிறாள் என்று தெரியும். கொஞ்சம் அதிகமாகத் தயங்கினால் பெரியப்பா மோட்டார் போட்டிருக்கிறார். அவர்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அன்றைக்கு மிக்ஸி அடிக்கடி ஓடும், என் வீடியோவில் எல்லார் முகமும் கட்டம் கட்டமாகும். "உங்க பக்கம் இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று டீமில் கேட்க ஆரம்பித்தார்கள். எங்க பெரியம்மா வீட்டுக்குச் சம்பந்தி வந்திருக்கிறார்கள் என்பேன். நம்ப மாட்டார்கள்.

ஒருநாள் காலையிலேயே மழை இருட்டிக்கொண்டு வந்தது. பின்கட்டில் ஜன்னல் கிடையாது, கதவு வெளிச்சம்தான். நான் திரை வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தேன். 'டக்.' பல்பு எரிந்தது. அந்திக்கு எத்தனையோ நேரம் இருந்தது. எழுந்து போய்க் கதவருகே நின்று, "பெரியப்பா" என்றேன். செருமல் மட்டும் கேட்டது. அது போதும் என்று எனக்கு இருந்தது. மழை விட்டு வெயில் அடித்த பிறகு பல்பு அணைந்தது.

துலாவர்ஷம் என்கிற ஐப்பசி மழைக்காலம் வந்தது. எங்கள் பக்கத்தில் அந்த மழை மத்தியானத்துக்கு மேல்தான் வரும், வரும்போது இடியோடு வரும். அப்படி ஒரு வாரத்தில் பெரியப்பாவுக்கு நெஞ்சு வலி. கோயம்புத்தூரில் காட்டினார்கள். ஆபரேஷன் பண்ண வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கொல்லைப்புறத்தில் பெரியம்மா வந்து அம்மாவிடம் சொல்லி அழுதாள். கேட்டதும் எனக்குப் பயம் வந்தது. பாதி பெரியப்பாவுக்காக, பாதி நெட்டுக்காக. இதில் மறைப்பானேன்? பெரியப்பா ஒரு கல்யாணத்துக்காகப் பக்கத்து ஊருக்குப் போனாலும் மெயினை ஆஃப் பண்ணிவிட்டு வீட்டைப் பூட்டுகிற ஆள். அந்த வாரமோ எங்கள் வேலையை கிளையண்டுக்குக் காட்டுகிற வாரம். "இந்தத் தடவை லைன் போனால் நான் மேலே பேச முடியாது, நீ வந்துவிட வேண்டியதுதான்" என்று மேனேஜர் முந்தின நாள்தான் சொல்லியிருந்தார்.

காலையில் பெரியப்பாவின் மருமகன் கார் கொண்டுவந்தார். அன்றைக்கு அப்பா பேப்பரை வாய்விட்டுப் படிக்கவில்லை. கையில் விரித்து வைத்துக்கொண்டு வாசல் பக்கமே பார்த்திருந்தார். கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பின்கட்டில் அடாப்டரின் பச்சை வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு, இதோ போகப் போகிறது, இதோ போகப் போகிறது என்று உட்கார்ந்திருந்தேன். கார் கிளம்பிப் போனது. பச்சை அப்படியே இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். பட்டப்பகலில் தலைக்கு மேல் பல்பும் எரிந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் அப்பா வந்தார். நான் வேலை பார்க்க ஆரம்பித்த பிறகு அவர் அந்த அறைக்குள் வருவது குறைவு. பல்பை அண்ணாந்து பார்த்தார்.

"மெயின ஆஃப் பண்ணாமப் போயிருக்கறான்."

"அவசரத்துல மறந்திருப்பாருங்கப்பா."

"அவனா? மறக்கற ஆளா அவன்?" என்றார். பிறகு, "அந்திக்குப் போட ஆளில்லைன்னு சாமிக்கு விட்டுட்டுப் போயிருப்பான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார்.

மத்தியானம் மீட்டிங் ஆரம்பித்தது. கிளையண்ட் பக்கத்தில் நான்கைந்து பேர், எங்கள் பக்கத்தில் மேனேஜரும் அவருக்கு மேலே இருப்பவரும். எனக்கு முன்னால் பேசுகிறவர் பேசிக்கொண்டிருந்தார். முதல் இடி தூரத்தில் உருண்டது. இரண்டாவது கிட்டத்தில் விழுந்தது. அப்பா ஸ்டூலில் இருந்திருக்க வேண்டும். எழுந்து என்னிடம் வந்தார்.

"நம்மூட்டுக்கு நான் இருக்கறேன் பாத்துக்க. அது ஆளில்லாத ஊடு. மெயின் ஓடிட்டுக் கெடக்குது. எங்கியாச்சும் பத்துனாக்கூட ஒருத்தருக்கும் தெரியாது. உன்ற பெரீம்மாவுக்குப் போனப் போடு."

மைக்கையும் ஸ்பீக்கரையும் நிறுத்திவிட்டு, செல்போனை எடுத்துப் பெரியம்மாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். ஆஸ்பத்திரிச் சத்தத்துக்கு நடுவில் பெரியம்மா வந்தாள். பெரியப்பாவை நாளைக்குத்தான் ஆபரேஷனுக்கு எடுக்கிறார்கள் என்றாள்.

"பெரீம்மா, இங்க இடி இடிக்குதுங்க. நீங்க மெயின ஆஃப் பண்ண மறந்துட்டீங்களாட்ட இருக்குது."

"மறக்கலை கண்ணு. நான் ஆஃப் பண்ணத்தான் போனேன். உன்ற பெரியப்பா உடவே இல்லை. மத்த ரூம் ஃபியூஸ் கட்டையெல்லாம் அவரே ஒண்ணொண்ணாப் புடுங்கி வெச்சாரு, நெஞ்சப் புடிச்சுட்டு. பின்கட்டு ரூமோடத மட்டும் உட்டுட்டாரு. புள்ளைக்கு வேலை நின்னுதுன்னா பெங்களூருக்குக் கூட்டீருவாங்க, ரெண்டு பேரும் திரும்பத் தனியா உக்காந்திருப்பாங்கன்னாரு."

ரெண்டு பேரும் என்றது அப்பாவையும் அம்மாவையும். நான் அப்பாவைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. போனில் தூரத்தில் ஒரு குரல், "ஆரு?" என்றது. "ஊட்டுல இருந்துதானுங்க" என்றாள் பெரியம்மா. அப்பா என் கையிலிருந்து போனை வாங்கினார். அந்தப் பக்கமும் போன் கைமாறுகிற சத்தம் கேட்டது. மறுபடி ஓர் இடி விழுந்தது. அது போனுக்குள்ளும் கேட்டிருக்கும்.

"அண்ணா" என்றார் அப்பா. "இங்க இடி பலமா இருக்குதுங்க. மெயின ஆஃப் பண்ணீரட்டுங்களா?"

அப்புறம் பெரியப்பாவின் குரல், நான் நினைத்து வைத்திருந்ததைவிட மெலிந்து வந்தது.

"பாப்பாளுக்கு வேலை முடிஞ்சுதான்னு கேட்டுட்டுப் பண்ணு. கதவு என்ற பக்கம் தாழ் போடலை."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண் நிறைந்திருந்தது. திரையில் எனக்கு முன்னால் பேசியவர் முடித்துவிட்டார். மேனேஜர் என் பெயரைச் சொல்கிறார் என்று வாயசைவில் தெரிந்தது.

"முடிஞ்சுதா அம்மிணி?"

"முடிஞ்சுதுங்கப்பா" என்றேன்.

அந்தக் கதவில் எங்கள் பக்கத்துத் தாழ் துருப்பிடித்திருந்தது. அப்பா அதை உள்ளங்கையால் தட்டித் தட்டிக் கழற்றினார். கதவைத் தள்ளினார், திறந்தது. உள்ளே போய் மெயினை ஆஃப் பண்ணினார். பல்பு அணைந்தது, அடாப்டரின் பச்சை போனது, திரையில் மேனேஜர் பாதி வாய் திறந்தபடி நின்றுவிட்டார். அப்பா உடனே திரும்பி வரவில்லை. அந்த வீட்டுக்குள் ஜன்னல் ஜன்னலாகச் சாத்திக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. அம்மா எங்கள் மெயினையும் ஆஃப் பண்ணிவிட்டு வந்து, திறந்து கிடந்த கதவைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இருவரும் சேர்ந்து அழுதோம். எதற்காக அழுதேன் என்று கேட்டால் ஒரு காரணம் சொல்ல எனக்கு வராது.

சாயங்காலம் மேனேஜரிடம் உண்மையைச் சொன்னேன். பெரியப்பா வீட்டு மெயின், இடி, ஆபரேஷன் எல்லாம் கேட்டுக்கொண்டார். எனக்குப் புரிகிறது, ஆனால் மேலே இருப்பவருக்கு இதை எப்படிச் சொல்வேன் என்று வருத்தப்பட்டார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

அடுத்த வாரம் பெட்டியைக் கட்டினேன். வழக்கமாக என்னைப் பஸ் ஏற்றிவிட அப்பாதான் வருவார். அன்றைக்கு அம்மா வந்தாள். அப்பா கோயம்புத்தூரில், ஆஸ்பத்திரியில், அண்ணனுக்குத் துணைக்குப் படுத்திருந்தார்.